சுவர்ப் படத்தில் இல்லாத கை

மாணவர்களே, பெருவிரல் நுனியைச் சுண்டு விரல் நுனியோடு சேர்த்து, மணிக்கட்டைச் சற்று உட்புறமாக மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு போல ஒன்று புடைத்து நிற்கிறதா? அது பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் முன்கைத் தசையின் தசைநாண். உங்களில் சிலருக்கு அது தென்படாது. சிலருக்கு ஒரு கையில் மட்டும் தென்படும். பயப்பட வேண்டாம். இத்தசை பிறவியிலேயே இல்லாதவர்கள் உலகமெங்கும் உண்டு. மேனாட்டு நூல்கள் ஏறக்குறைய 15 சதவீதம் என்கின்றன. சீனா, ஜப்பான் போன்ற நாடுகளில் இது மிகக் குறைவு. கையின் பிடிவலிமை இதனால் குறிப்பிடும்படி குறைவதில்லை என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை என்பதால்தான் அறுவை மருத்துவர்களுக்கு இது ஒரு சேமிப்பு. 1974-இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் டாமி ஜானின் இடது முழங்கையில் எலும்புகளைப் பிணைக்கும் நார் கிழிந்தது. டாக்டர் பிராங்க் ஜோப் அவருடைய வலது முன்கையிலிருந்து இந்தத் தசைநாணை எடுத்து அங்கே பொருத்தினார். 1976-இல் களத்துக்குத் திரும்பிய ஜான் 1989 வரை பந்து வீசினார்!

ஆபத்தும் இங்கேதான். இந்தத் தசைநாணை ஒட்டி, அதற்கு அடியில் மீடியன் நரம்பு ஓடுகிறது. தசையே இல்லாத கையில், படத்தில் இருக்கிறதே என்று தேடினால் அகப்படுவது வெண்மையான அந்த நரம்பாக இருக்கலாம். அதையே தசைநாண் என்று வெட்டியெடுத்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் உணர்ச்சி போய்விடும். வேறு சிலருக்கு இத்தசை தலைகீழாக அமைந்து, சதைப்பகுதி மணிக்கட்டருகே வந்துவிடும். அது நரம்பை அழுத்தி வலியும் மரமரப்பும் தரக்கூடும்.

பிறகு ஏன் ஆய்வுக்கூடச் சுவரில் தொங்கும் தசைப் படம் ஒரே ஒரு கையை வரைந்து ‘மனிதக் கை’ என்கிறது? நான் பௌதிகம் கற்பிப்பவன். ஊசலின் அலைவுக் காலத்தை இருபது முறை அளந்தால் அளவீடுகள் சிதறும். அது அளப்பதில் உள்ள பிழை. நடுவே ஓர் உண்மை மதிப்பு இருக்கிறது. உடற்கூறில் அப்படியன்று. இங்கே சிதறல் பிழையன்று. நடுவே ‘சரியான கை’ என்று ஒன்று ஒளிந்திருக்கவும் இல்லை. ஓவியர் யாருடைய கையைப் பார்த்து வரைந்தாரோ! ‘இத்தசை சிலருக்கு இல்லை’ என்று படத்தின் கீழே ஒரு வரி அச்சிட எவ்வளவு மை செலவாகும்? தேர்வுக்குப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லும் ஆசிரியர்கள், வகுப்பிலுள்ள கைகளை எண்ணி அட்டவணை போடவும் சொல்லலாம். வலது, இடது இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். அரைமணி நேரம் போதும்.