படகு தூங்கலாமா?

ஊத்தங்கரை கடற்கரை ஊர் அல்ல. அங்கே மீன்பிடி படகுகள் வரிசையாக நிற்பதில்லை. "மழை வராதா?" என்று மக்கள் வானத்தைப் பார்த்து ஏங்கும் சீமை அது. மாந்தோப்பும் மானாவாரி நிலமும் நிறைந்த பகுதி.

அந்த ஊரில் 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 1-ந் தேதி மழை பிடித்தது. இரவு முழுவதும் விடவில்லை. மறுநாள் காலையில் கணக்கெடுத்தார்கள். 50 சென்டிமீட்டர்! ஓர் ஆண்டு முழுவதும் பெய்யவேண்டிய மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது.

நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த "பெஞ்சல்" புயலின் வேலை இது. கரையோடு நிற்காமல் உள்நாட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஏரி நிரம்பி வழிந்தது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் பொம்மைகளைப்போல உருட்டிச் சென்றது. அந்தக் காட்சியை நாடே பார்த்துத் திகைத்தது.

தண்ணீர் அதோடு நிற்கவில்லை. தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியது. சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்து விடப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்கள் தத்தளித்தன.

இந்த வெள்ளம் ஒரு பாடத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. படகு கடற்கரைக்கு மட்டும் உரியது அல்ல. வறண்ட ஊருக்கும் படகு வேண்டும்!

வாங்குவது எளிது

வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க ரப்பர் படகுதான் வசதியானது. காற்றை இறக்கிவிட்டால் மூட்டையாகிவிடும். லாரியில் ஏற்றலாம். தோளில் சுமந்து சந்துக்குள்ளும் கொண்டுபோகலாம். போன இடத்தில் காற்றடித்தால் படகு தயார்.

பணம் இருந்தால் படகை ஒரே நாளில் வாங்கிவிடலாம். மாலை போடலாம். படம் எடுக்கலாம். பிறகு?

கடலோரப் படகுக்கு தினமும் வேலை உண்டு. அதில் ஓட்டை விழுந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். வறண்ட ஊர்ப் படகுக்குப் பத்து ஆண்டுக்கு ஒரு முறைதான் வேலை வரும். அதுவரை அது கிடங்கில் தூங்கும். ஓட்டை விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. நள்ளிரவில், கொட்டும் மழையில், கூரைமேல் நின்று குழந்தையோடு ஒரு தாய் கூவும்போதுதான் தெரியும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. படகு இல்லை என்றால், இல்லை என்று தெரிந்து வேறு வழி தேடுவோம். இருக்கிறது என்று நம்பி, அது கைவிட்டால் என்ன செய்வது?

விளையாட்டு வீரர் சொல்லும் பாடம்

கடல் விளையாட்டுகளில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அதற்கு "விங் பாயில்" என்று பெயர். வீரர் ஒரு பலகைமேல் நிற்கிறார். காற்றடைத்த துணிச் சிறகு ஒன்றைக் கையில் பிடிக்கிறார். பலகைக்கு அடியில் ஒரு கம்பம். கம்பத்தின் நுனியில் விமானத்துக்கு இருப்பதுபோல் சிறு இறக்கைகள். வேகம் கூடியதும் பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்புகிறது. பார்ப்பதற்கு, அலைக்கு மேல் மனிதன் பறப்பதுபோல் இருக்கும்!

தண்ணீருக்கு அடியில் இறக்கை வைக்கும் யோசனை பழையது. 1906-ம் ஆண்டிலேயே இத்தாலியில் போர்லானினி என்ற பொறியாளர் மஜ்ஜோரே ஏரியில் இப்படி ஒரு படகை ஓட்டிக் காட்டினார்.

இந்த வீரர் கரைக்கு வந்ததும் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சாமான்களை எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவுகிறார். உப்பு ஒட்டிக்கொண்டால் திருகாணி துருவேறி இறுகிவிடும். அலுமினியமும் இரும்பும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்பு நீர் பட்டால் அரிப்பு இன்னும் வேகமாக வரும். ஆகவே, கம்பத்தைக் கழற்றித் துடைத்து, திருகாணிக்கு மசகு தடவுகிறார். துணிச் சிறகில் காற்றை இறக்கி, நிழலில் உலர்த்தி, மணலை உதறி, பிறகே மடித்து வைக்கிறார்.

விளையாட்டுச் சாமானுக்கே இத்தனை பணிவிடை! உயிர் காக்கும் படகுக்கு எவ்வளவு வேண்டும்?

படகுக்கு ஐந்து எதிரிகள்

முதல் எதிரி, வெயில். வெயிலில் கிடந்தால் ரப்பர் வெளுத்து, வெடித்துப் போகும். காற்றடைத்த படகை வெயிலில் போட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சூட்டில் காற்று விரியும். வெயிலில் நிறுத்திய சைக்கிள் டயர் "டப்" என்று வெடிப்பதில்லையா? அதே கதைதான். படகின் ஒட்டுகள் பிரிந்துவிடும்.

இரண்டாவது எதிரி, ஈரம். நனைந்த படகை அப்படியே சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பூக்கும். ஒட்டு இளகும். உலோகப் பகுதிகள் துருப்பிடிக்கும். நிழலில் நன்றாகக் காயவைத்த பிறகே மடிக்க வேண்டும்.

மூன்றாவது எதிரி, மடிப்பு. வீட்டில் பட்டுப் புடவையை எப்படி வைக்கிறோம்? ஒரே மடிப்பில் கிடந்தால் இழை அறுந்துவிடும் என்று அவ்வப்போது எடுத்து மாற்றி மடிக்கிறோம். படகும் அப்படித்தான். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடந்தால் அங்கே கீறல் விழும். இறுக்கி மடிக்கக்கூடாது. மேலே கனமான சாமானை ஏற்றக்கூடாது.

நான்காவது எதிரி, எண்ணெயும் கழிவும். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அந்த அணையில் தண்ணீர் வெண்ணுரையாகப் பொங்கிய படங்கள் பலமுறை பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. வெள்ளத்தில் சாக்கடை, எண்ணெய், சோப்பு நுரை எல்லாம் கலந்துதான் வரும். வேலை முடிந்ததும் படகை நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். அழுக்குப் போகவில்லை என்று மண்ணெண்ணெயோ பெட்ரோலோ போட்டுத் துடைக்கவே கூடாது. அது ரப்பரை இளக்கிக் கெடுக்கும்.

ஐந்தாவது எதிரி, எலி! எல்லோரும் மறந்துவிடும் எதிரி இதுதான். கிடங்கு மூலையில் சுருட்டி வைத்த படகைப்போல் எலிக்கு வசதியான வீடு வேறு கிடையாது. ஒரு கடி போதும். படகு போயிற்று.

சோப்புத் தண்ணீர் போதும்

ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவை இல்லை. படகில் காற்றடித்து, ஒட்டுகளிலும் காற்றடைப்பு வாயிலும் சோப்புத் தண்ணீரைத் தடவவேண்டும். ஓட்டை இருந்தால் குமிழி வரும். பஞ்சர் கடைக்காரர் தினமும் செய்யும் வேலைதான் இது. பிறகு ஓர் இரவு முழுவதும் காற்றோடு நிழலில் விட்டுவிடவேண்டும். காலையில் படகு தளர்ந்திருந்தால் பழுது இருக்கிறது என்று அர்த்தம்.

படகில் மோட்டார் இருந்தால் அதையும் அவ்வப்போது ஓட்டிப் பார்க்கவேண்டும். பழைய பெட்ரோல் உள்ளே தங்கினால் பிசின்போல் படிந்துவிடும். அவசரத்தில் இழுத்தால் மோட்டார் இருமும், ஓடாது.

ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கு இந்த உண்மை நன்றாகத் தெரியும். மூங்கில் பின்னலில் எந்தப் பத்தை தளர்ந்தது, அடியில் எங்கே கசிவு என்று பார்த்துச் சரிசெய்துவிட்டே பரிசலைத் தண்ணீரில் தள்ளுவார்கள். பரிசல்தான் சோறு போடுகிறது. ஆகவே, அதைக் கண்போல் காக்கிறார்கள்.

மிதவைச் சட்டை

படகு இருந்தால் மட்டும் போதாது. மிதவைச் சட்டையும் வேண்டும். 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். அவர்கள் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை.

முன்காலத்தில் இந்தச் சட்டைக்குள் இலவம் பஞ்சை அடைத்தார்கள். நம் வீட்டுத் தலையணையில் இருக்கும் அதே பஞ்சுதான்! இப்போது இலேசான செயற்கை நுரைப் பலகையை வைக்கிறார்கள். அதன்மேல் உட்கார்ந்தாலும், தலைக்கு வைத்துப் படுத்தாலும் நுரை நசுங்கிவிடும். நசுங்கினால் மிதக்கும் சக்தி குறையும். பட்டியை இழுத்துப் பார்க்கவேண்டும். கொக்கி பூட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். குழந்தைக்குக் குழந்தை அளவுச் சட்டைதான் போடவேண்டும். பெரிய சட்டையில் இருந்து குழந்தை நழுவிவிடும்.

படை வரும்வரை?

"தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்தில் இருக்கிறதே! அவர்கள் வரமாட்டார்களா?" என்று கேட்கலாம். வருவார்கள். 2006-ம் ஆண்டு முதல் அந்தப் படை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றி இருக்கிறது. ஆனால் சாலை அறுந்து கிடக்கும்போது வந்துசேர நேரம் ஆகும். அந்த முதல் சில மணி நேரம்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கும் நேரம்.

அந்த நேரத்தில் கைகொடுப்பது அக்கம்பக்கம்தான். 2015-ம் ஆண்டு சென்னையில் வெள்ளம் வந்தபோதும், 2018-ம் ஆண்டு கேரளத்தில் வந்தபோதும் மீனவர்கள் சொந்தப் படகோடு ஓடிவந்தார்கள். அவர்கள் படகு தினமும் ஓடும் படகு. ஆகவே கைவிடவில்லை. ஊத்தங்கரை போன்ற ஊருக்கு அப்படி ஓடிவர மீனவக் குப்பம் பக்கத்தில் இல்லை. உள்ளூர்ப் படகை உள்ளூரே விழிப்பாக வைத்திருக்கவேண்டும்.

ஆயுத பூஜை அன்று...

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நாள் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். பொறுப்பான ஓர் ஆள் வேண்டும்.

ஓசூர் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜைக்கு ஒவ்வோர் இயந்திரத்தையும் துடைத்துப் பொட்டு வைக்கிறார்கள். லாரி, ஆட்டோ, தையல் இயந்திரம், அரிவாள்மணை எதையும் விடுவதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆயுத பூஜையும் அதை ஒட்டியே வருகிறது. எவ்வளவு பொருத்தமான நாள்!

எந்த ஊரில் மீட்புப் படகு இருக்கிறதோ, அங்கே அந்த வாரத்தில் அதை வெளியே எடுக்கட்டும். காற்றடிக்கட்டும். ஏரியில் ஒரு சுற்று விடட்டும். தேதியையும், பார்த்தவர் பெயரையும், கண்ட பழுதையும் நோட்டில் எழுதட்டும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக் காட்டட்டும். மிதவைச் சட்டையை எப்படிப் பூட்டுவது என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய் அம்மாவுக்கும் பாட்டிக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்களையும் அன்றே வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.

வெள்ளம் சொல்லிவிட்டு வருவதில்லை. அது வரும் இரவில் ஊர் தூங்கலாம். படகு தூங்கக்கூடாது!