ரத்தம் கார் ஓட்டுமா?

“புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?” என்று கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொள்கிறவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. அவர்கள் மகனைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு அவன் பாடுபட்டதையெல்லாம் பிடுங்கி அப்பன் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார்கள். இவர்களுக்கு எதிர்க் கட்சிக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். “அப்பன் பெயர் இருக்கிறது, மேலே வராமல் என்ன செய்வான்?” என்பது இவர்கள் பேச்சு. இரண்டு கூட்டமும் சொல்வது ஒன்றுதான்: அந்த மனிதன் ஒன்றும் செய்யவில்லை!

டேமன் ஹில் என்ற ஆங்கிலேயரை எடுத்துக்கொள்வோம். அவருடைய தந்தை கிரஹாம் ஹில் 1962-லும் 1968-லும் கார்ப் பந்தயத்தில் உலக சாம்பியன். மகன் 1996-ல் சாம்பியன். சாம்பியனின் மகன் சாம்பியனானது அதுதான் முதல் தடவை. ரத்தக் கட்சிக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நான் ஒன்று கேட்கிறேன். அந்த ரத்தம் தந்தைக்கு எங்கிருந்து வந்தது? கிரஹாம் ஹில் 24 வயதில்தான் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கினார். லோட்டஸ் கம்பெனியில் மெக்கானிக்காக நுழைந்து, கையில் எண்ணெய்க் கறையோடு நின்று, பிறகு ஓட்ட இடம் பிடித்தவர். போகட்டும். மூன்று முறை சாம்பியனான ஜாக் பிராபமின் பிள்ளைகள் இருவர் ஃபார்முலா ஒன்றுக்கு வந்து ஒரு புள்ளிகூட வாங்காமல் திரும்பினார்களே, அவர்களுக்கு என்ன, வேறு ரத்தமா ஓடிற்று?

இனி ‘அப்பன் சொத்து’க் கட்சி. 1975 நவம்பர் 29-ந் தேதி இரவு, பனிமூட்டத்தில், லண்டனுக்கு வடக்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் கிரஹாம் ஹில் தாமே ஓட்டிவந்த விமானம் விழுந்து நொறுங்கியது. அவரோடு அவருடைய பந்தயக் குழுவைச் சேர்ந்த ஐந்து பேரும் மாண்டார்கள். விமானத்தின் பதிவு, விமானியின் அனுமதி எல்லாம் காலாவதியாகியிருந்தன. இன்ஷூரன்ஸ் பணம் வரவில்லை. மாண்டவர்களின் குடும்பங்கள் நஷ்டஈடு கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே! ஹில் குடும்பம் பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போயிற்று. டேமனுக்கு அப்போது 15 வயது. பின்னால் அவர் கட்டட வேலையில் கூலியாக உழைத்தார்; லண்டன் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் தபால் கட்டுகளைச் சுமந்தார். இதுதான் ஐயா, அப்பன் சொத்து!

அவருக்கு முதலில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில்தான் மோகம். அது உயிருக்கு ஆபத்து என்று பயந்த தாயார், அவரை 1983-ல் பிரான்ஸிலுள்ள கார்ப் பந்தயப் பள்ளிக்கு அனுப்பினார். பந்தயக்காரரை மணந்து விதவையான ஒரு ஸ்திரீக்குக் கார் பத்திரமான வாகனமாகத் தோன்றியிருக்கிறது! சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

பெயர் உதவவே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. பணம் போடுகிறவன் தெரிந்த பெயரைக் கண்டால் இரண்டு நிமிஷம் அதிகமாக நின்று கேட்பான். கதவு திறக்கும். ஆனால் அந்தக் கதவு திறக்கும்போது அவருக்கு வயது 31. 1992-ல் நொடித்துக்கொண்டிருந்த பிராபம் குழுவின் கார் கிடைத்தது. எட்டுப் பந்தயங்களில் முயன்று இரண்டில்தான் தகுதி பெற முடிந்தது. இன்னொரு பக்கம் வில்லியம்ஸ் குழுவுக்குச் சோதனை ஓட்டக்காரர். பெயர் மற்றவனுக்கு, உழைப்பு இவருக்கு என்ற உத்தியோகம். அடுத்த வருஷம் அதே குழுவில் இடம் கிடைத்தபோது, அவர் காரில் எழுதிய எண் 0. முந்தைய சாம்பியன் விலகிப்போனதால் வந்த எண்தான் அது. ஆனாலும் என் வாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான எண் கிடைக்காது.

அந்த வருஷம் இங்கிலாந்தில் முன்னணியில் ஓடும்போது எஞ்சின் புகைந்தது. ஜெர்மனியில் முடிய இரண்டு சுற்று இருக்கையில் டயர் போயிற்று. ஹங்கேரியில்தான் முதல் வெற்றி.

1994 மே 1-ந் தேதி இமோலாவில் அய்ர்டன் சென்னா இறந்தார். சென்னாவின் காரைப் போன்ற காரில்தான் டேமனும் அன்று ஓடிக்கொண்டிருந்தார். கார் ஏன் சுவரில் மோதிற்று என்று சரியாகத் தெரியாமலேயே மறுபடியும் அதே வகைக் காரில் ஏறி உட்கார்ந்தார். அந்த மாதமே ஸ்பெயினில் ஜெயித்தார். 1968-ல் ஜிம் கிளார்க் இறந்தபோது தந்தையும் ஸ்பெயினில் இதைப்போலவே ஜெயித்தார் என்று பத்திரிகைக்காரர்கள் பூரித்துப் போனார்கள். விதியாம், வம்சமாம்! பயத்தை விழுங்கிக்கொண்டு ஒருவன் வேலைக்குப் போனான் என்று எழுதினால் மை செலவாகிவிடுமா?

அந்த வருஷம் அடிலெய்டில் ஷூமாக்கரின் கார் மோதி, ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போயிற்று. 1996-ல் 16 பந்தயங்களில் எட்டை ஜெயித்துப் பட்டம் வாங்கினார். வாங்குவதற்கு முன்பே, “அடுத்த வருஷம் நீ வேண்டாம்” என்று குழுவின் முதலாளி சொல்லியாகிவிட்டது. பெயரின் மகிமை அவ்வளவுதான்.

தந்தையிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு: தலைக்கவசத்தின் கோலம். கருநீலத்தில் வெள்ளைத் துடுப்புகள். தந்தை படகு வலித்த லண்டன் சங்கத்தின் சின்னம் அது. அவருடைய மகன் ஜாஷும் பந்தயத்துக்கு வந்தார். 2013-ல், போதும் என்று விலகிக்கொண்டார். மூன்றாம் தலைமுறையில் ரத்தம் எங்கே வற்றிப்போயிற்று என்று விசாரித்து ரத்தக் கட்சிக்காரர் யாரும் எழுதியதாக நான் இதுவரை படிக்கவில்லை.