கத்திக்கு முன் ரத்தப் பரிசோதனை

தாராவியில் எங்கள் சந்தில் இட்லி வியாபாரம் செய்கிறார் ஒரு திருநெல்வேலிக்காரர். சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார். கல் இல்லை, அட்ரினல் சுரப்பியில் 2 சென்டிமீட்டர் கட்டி இருந்தது. "உடனே ஆபரேஷன் செய்யவேண்டும்" என்றது ஒரு தனியார் மருத்துவமனை. "இதைப் படித்துச் சொல்லுங்க, தம்பி" என்று அறிக்கையோடு அவர் என்னிடம் வந்தபோது, மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகக் காத்திருந்தது.

நான் டாக்டர் அல்ல; ரயில்வே குமாஸ்தா. விசாரித்து அறிந்ததைச் சொல்கிறேன்.

அட்ரினல், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் சிறு சுரப்பி. வேறு காரணத்துக்கு எடுக்கும் ஸ்கேனில் இதில் கட்டி தென்படுவது அபூர்வமல்ல. பெரும்பாலானவை புற்றுநோயும் அல்ல, ஹார்மோனை மிகையாகச் சுரப்பவையும் அல்ல. ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் அது உறுதியானால், சிறிய கட்டிக்குக் கத்தியே வேண்டாம்.

சில கட்டிகள் அப்படியல்ல. ஆல்டோஸ்டீரோன் மிகையாகச் சுரந்தால் ரத்தக் கொதிப்பு ஏறும். பலருக்குப் பொட்டாசியமும் குறையும். ஒரு பக்கச் சுரப்பி மட்டும் காரணமென்றால் அறுவை. இரு பக்கமும் என்றால் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை. அட்ரினலின் வகையைக் கொட்டும் கட்டியோ பொல்லாதது. முன்கூட்டியே மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தை அடக்காமல் அறுத்தால் மேஜையிலேயே உயிருக்கு ஆபத்து.

ஆகவே, அறுக்க வேண்டியவருக்கும் வேண்டாதவருக்கும் முதல் படி ஹார்மோன் பரிசோதனையே. அது இல்லாமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது நியாயமல்ல. பரிசோதனைக்கும் பணம் ஆகுமே என்பார்கள். தேவையற்ற ஆபரேஷனுக்கு ஆகும் பணத்தில் அது சிறு பங்குதான். பரேல் கே.இ.எம். மாநகராட்சி மருத்துவமனையில் சுரப்பி நோய்களுக்கென்றே தனிப் பிரிவும் உண்டு.

நம் இட்லிக்காரர் ஒரு மாநகராட்சி மருத்துவமனையில் பரிசோதித்துக்கொண்டார். எல்லாம் சரியாக இருந்தது. "ஆபரேஷன் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது.

அவருக்குப் படித்துச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தான். கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? மும்பைத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்கு மேடை போடுகின்றன, நல்லது. மராத்தியும் இங்கிலீஷும் தெரிந்த நாலு இளைஞர்களை வாரம் ஒரு நாள் பெரிய மருத்துவமனைகளின் வாசலில் நிறுத்தக் கூடாதா? டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வியை நம்மவருக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் போதும். சங்கத்தார் கவனிப்பார்களா?