'பைத்தியப் படிப்பு' என்று பழிக்கலாமா?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு குமாஸ்தா வீடு. மகள் பி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பாடங்களில் ஒன்று சைக்காலஜி. அதில் இந்த ஆண்டுக்குரிய தாள் 'அப்நார்மல் சைக்காலஜி'. தமிழில் பிறழ்நிலை உளவியல் என்கிறார்கள். தலையணை போன்ற தடித்த புத்தகம். அட்டையில் கொட்டை எழுத்தில் பெயர். ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்றால் அப்பா செய்யும் முதல் காரியம், அந்தப் புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போடுவதுதான். பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம். "என்ன படிக்கிறாள்?" என்று கேட்டால் "பி.ஏ." என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மேலே துருவிக் கேட்டால் காபி வந்துவிடும்.

அவரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. கீழ்ப்பாக்கம் என்றாலே சிரிக்க வேண்டும் என்று சினிமா இரண்டு தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்கள் அந்தச் சிரிப்பையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். இங்கே அது 'நிம்ஹான்ஸ் கேஸ்'. ஓசூர் ரோட்டில் பஸ் அந்த வாசலைக் கடக்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரை இடித்து, "இறங்கலையா?" என்று கேட்பதும் உண்டு. சென்னை மனநல மருத்துவமனையின் வேர் 1794 வரை செல்கிறது. பெங்களூரில் 1847-இல் தொடங்கிய காப்பகம்தான் வளர்ந்து, 1954-இல் வந்த அகில இந்திய மனநல நிலையத்தோடு 1974-இல் இணைக்கப்பட்டு நிம்ஹான்ஸ் ஆயிற்று. இவ்வளவு நீண்ட காலம் ஆன பிறகும் அந்த வாசல் சிலருக்கு வேடிக்கை, பலருக்கு வெட்கம்.

ஆனால் அந்தப் பெண் படிக்கும் பாடத்தில் என்னதான் இருக்கிறது? பைத்தியம் யார் என்று பட்டியல் போடும் பாடம் அது என்பது பலருடைய எண்ணம். உண்மையில் முதல் அத்தியாயமே, பட்டியல் போடுவது எவ்வளவு கடினம் என்பதில்தான் தொடங்குகிறது. ஊரோடு ஒத்துப் போகாதது எல்லாம் நோயா? மனிதனைத் துன்புறுத்துவது நோயா? வேலை, சாப்பாடு, உறவு ஆகியவற்றைக் கெடுப்பது நோயா? தனக்கோ பிறருக்கோ ஆபத்தாவது நோயா? இவற்றில் ஒன்றை மட்டும் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டால் வழி தவறிவிடும்.

பெங்களூரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. சைத்ர மாதப் பௌர்ணமியில் திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. தமிழோடு நெருங்கிய பேச்சு வழக்கு உடைய திகளர் மக்களின் திருவிழா அது. கரகம் எடுப்பவர் ஆண். ஆனால் சேலை கட்டி, வளையல் போட்டு, தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு, விடிய விடியத் தம்மை மறந்த நிலையில் தெருத் தெருவாக வருகிறார். ஊரே கும்பிடுகிறது. அயலூர்க்காரன் ஒருவன் அறிகுறிப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் என்ன எழுதுவான்? அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய்க் கையேடே இப்படி எழுதக் கூடாது என்று எச்சரிக்கிறது. ஒரு சமூகம் தன் வழிபாட்டில் ஏற்றுக்கொண்ட ஆவேசம் நோயாகாது என்பது அதன் விதி. மாரியம்மன் கோயிலில் சாமி வந்து ஆடும் கிழவிக்கும் அந்த விதி பொருந்தும். அந்தக் கையேடும் வேத வாக்கு அல்ல. ஓரினச் சேர்க்கையை நோய் என்று எழுதி வைத்திருந்தவர்கள் 1973-இல் அந்த முடிவை மாற்றிக்கொண்டார்கள்; உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து அதை நீக்க 1990 ஆயிற்று. நேற்று நோய் என்றது இன்று நோய் இல்லை என்று ஆகிற கதையையும் சேர்த்துப் படிக்கிற மாணவி, மற்றவர்களை விடப் பொறுமையாகத்தான் 'பைத்தியம்' என்ற சொல்லை எடுப்பாள்.

எடுக்க வேண்டும், ஆனால் முதல் சில மாதங்களில் எடுப்பதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படிக்கிற வியாதியெல்லாம் தமக்கு இருப்பதாக நினைத்துக்கொள்வது பழைய கதை. இந்தப் பாடத்தில் அது இன்னும் எளிது. இதயத்துக்காவது ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கலாம்; மனசுக்கு அப்படிக் கருவி இல்லை. சோர்வு, கவலை, சந்தேகம், தூக்கமின்மை எல்லாம் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பவை. ஸ்ரீராமபுரத்துப் பெண்ணும் இரண்டு வாரம் தனக்கு மனச்சோர்வு நோய் என்று மூலையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு வீட்டாரைப் பிடித்தாள். வாசற்படியை மூன்று தரம் கழுவும் தாயைப் பார்த்து, "அம்மா, உனக்கு ஓ.சி.டி." என்றாள். "உங்க பாட்டி சொல்லிக் கொடுத்த வேலைடி அது. அதுக்கும் ஒரு இங்கிலீஷ் பேரா?" என்று அம்மா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. "உன் படிப்பை வீட்டிலே காட்டாதே" என்று அப்பா அதட்டியதிலும் நியாயம் உண்டு. பரீட்சைக்குப் படித்த பெயர்களை உறவினர் மேல் ஒட்டுவது இந்தப் பாடம் படிக்கும் பிள்ளைகளின் பொதுக் குறை. கல்லூரிகள் இதை முதல் வகுப்பிலேயே கண்டித்துச் சொன்னால் நல்லது.

அந்த வீட்டில் நிலைமை மாறியது வேறொரு சம்பவத்தால். பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அத்தை மகன், இருபத்திரண்டு வயது, திடீரென்று வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். இரவில் தூக்கமில்லை. பட்டறையில் உள்ளவர்கள் போனில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். ஆள் இல்லாத அறையில் பதில் சொன்னான். செய்வினை என்று ஒருவர் சொல்ல, மந்திரவாதி ஒருவனுக்கு முன்பணம் போய்விட்டது. அடுத்து ஏர்வாடிக்கு டிக்கெட் எடுக்கப் பேச்சு நடந்தது. அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"அத்தை, கோயிலுக்கோ தர்காவுக்கோ போகவேண்டாம்னு நான் சொல்லலை. அவனுக்கு இன்ன நோய்னு சொல்ற தகுதியும் எனக்குக் கிடையாது. ஆனா இந்த நிலையிலே நாள் கடத்தக் கூடாது. முதல்லே டாக்டர்கிட்டே போவோம்."

மூன்று ஆண்டுப் படிப்பில் அவள் கற்றதில் உருப்படியானது இந்த நான்கு வாக்கியம்தான் என்று வைத்துக்கொண்டாலும், கட்டிய பீஸ் வீண் போகவில்லை. கடுமையான மனநோய்கள் பெரும்பாலும் பதினெட்டு, இருபது, இருபத்தைந்து வயதில்தான் முதன்முதலில் தலைகாட்டுகின்றன. சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகிறது. 2015-16-இல் நிம்ஹான்ஸ் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வில் தமிழ்நாடும் ஒன்று. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் குறை இருப்பதாகவும், நோய்க்கு நோய் வேறுபட்டாலும் எழுபது சதவீதத்துக்குக் குறையாதவர்கள் சிகிச்சை பெறவில்லை என்றும் அது கண்டது.

ஏர்வாடி என்றதும் 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வராமல் போகாது. தர்காவை அண்டி நடந்த தனியார் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று இப்போது தெளிவாகச் சொல்கிறது. அதற்காக, வழிபாட்டுத் தலத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று எழுதுவதும் சரியல்ல. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 நோயாளிகளை நிம்ஹான்ஸ் மருத்துவர்களே கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்து ஏதுமின்றிச் சராசரி ஆறு வாரம் அங்கே தங்கியதில் அறிகுறிகள் ஏறக்குறைய இருபது சதவீதம் குறைந்திருந்தன. கட்டி வைக்காத, திட்டாத, வேளைக்குச் சோறும் சிறு வேலையும் கொடுக்கிற இடத்துக்கே அவ்வளவு சக்தி இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். மருந்து வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததும் எழுதத் தக்கது. டாக்டர் கன்னடத்தில் கேட்டார். அத்தை இருபத்தைந்து வருஷமாகப் பெங்களூரில் இருப்பவர். ஆனால் அவருடைய கன்னடம் மார்க்கெட் கன்னடம். விலை பேசத் தெரியும், மனசைப் பேசத் தெரியாது. "ராத்திரியானா ஈரக்குலை நடுங்குதுங்கறான்" என்றார். மகள் அதை 'ஆங்சைட்டி' என்று மொழிபெயர்த்தாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "அவன் சொன்ன சொல் என்ன? அதைச் சொல்" என்றார். ஈரக்குலை என்றால் என்ன என்று அவள் விளக்கி முடிக்கச் சற்று நேரமாயிற்று. தமிழ் தெரிந்த மருத்துவர்கள் இந்த ஊரில் நிறையவே உண்டு. ஆனால் போகிற அன்று, போகிற அறையில் ஒருவர் இருப்பார் என்பது நிச்சயமில்லை. 'மனசு சரியில்லே', 'நெஞ்சடைப்பு', 'காத்து கருப்பு', 'பிரமை பிடிச்ச மாதிரி' என்று ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி இருக்கிறது. அதை இங்கிலீஷ் பாட்டிலில் ஊற்றி மூடிவிட்டால் நோயாளி சொன்னது காணாமல் போகும். இது புத்தகத்தில் இல்லாத பாடம். அத்தை மகன் முழுதும் தேறிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. நடுவில் மாத்திரையை நிறுத்தியதில் மறுபடியும் தொல்லை வந்தது. இப்போது அரை நாள் பட்டறைக்குப் போகிறான்.

இனி, மகளை இந்தப் படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பி.ஏ. முடித்தவுடன் வாசலில் பலகை மாட்டிவிடலாம் என்று நினைப்பது, பிளாட்பாரம் டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறிப் படுப்பது போன்றது. மருந்து எழுதும் மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து அதற்கு மேலும் படித்தவர். மருத்துவ உளவியலாளர் என்று பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு வேண்டும். அதற்கு முதுகலைக்கு மேல் இரண்டு ஆண்டு எம்.பில். என்பது நீண்ட கால வழக்கம். அந்தப் படிப்புகளின் பெயரும் அமைப்பும் அண்மை ஆண்டுகளில் மாறி வருவதால், சேருகிற ஆண்டின் விதியைக் கேட்டுக்கொண்டே பணம் கட்ட வேண்டும். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆறே வாரத்தில் ஆலோசகர் ஆகலாம் என்று விளம்பரம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். மற்றபடி பள்ளிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் தொழிற்சாலைப் பணியாளர் பிரிவிலும் இந்தப் பட்டத்துக்கு வேலை உண்டு. சம்பளம் தொடக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி இராது.

வரன் பார்க்கும் அப்பாக்களுக்கு டாக்டர் சாரதா மேனனின் பெயரைச் சொல்லலாம். மங்களூரில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து, மனநல மருத்துவப் பயிற்சியை இதே பெங்களூரில் பெற்றவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1961-இலிருந்து 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1984-இல் சென்னையில் 'ஸ்கார்ப்' அமைப்பைத் தோற்றுவித்தார். 1992-இல் பத்மபூஷண் பெற்றார். 2021-இல் காலமானார். சினிமாக்காரர்கள் சிரித்த அதே கீழ்ப்பாக்கத்தில்தான் அவர் அத்தனை ஆண்டுகள் பணி செய்தார்.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மனஸ்' என்ற இலவச தொலைபேசி உதவியில் தமிழிலும் பேசலாம், எண் 14416. பீன்யா, பொம்மசந்திரா பக்கம் தங்கி வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பட்டிமன்றமும் பாராட்டு விழாவும் தாராளமாக நடக்கட்டும். அவற்றுக்கு நடுவே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் தெரிந்த ஒரு மனநல மருத்துவரையும், இந்தப் பாடம் படிக்கும் நாலைந்து தமிழ் மாணவிகளையும் அழைத்து உட்கார வைத்தால், வருகிறவர்கள் தம் பேச்சு வழக்கிலேயே கேட்கலாம்; மாணவிகளும் புத்தகத்தில் இல்லாத சொற்களை எழுதிக்கொள்ளலாம். செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது. ஒரு மைக், இருபது நாற்காலி, இரண்டு மணி நேரம் போதும்.