முதல் கோணல் முற்றும் கோணலா?



போன இதழில், குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்க வைப்பது பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள். ஒரு வாசகி, "மாவு பொங்குகிற வரைக்கும் என்ன செய்வீர்கள்? அமெரிக்காவில் பிப்ரவரி மாதம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பீர்களா?" என்று கேட்டிருக்கிறார்.

அடைந்து கிடப்பதாவது! பிப்ரவரி நடுவில்தானே எங்கள் ஆஸ்டின் நகரத்தில் கல்லூரி பேஸ்பால் ஆரம்பமாகிறது! வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆனால் போதும், விளக்கேற்றிவிட்டு, ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆரஞ்சு என்றால் பழத்தின் நிறம் இல்லை. காவிக்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஒரு நிறம். அதுதான் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நிறம். கூட்டத்தில் எல்லாரும் ஆட்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி, மற்ற விரல்களை மடக்கிக் கையைத் தூக்குவார்கள். கிட்டத்தட்ட பரதநாட்டியத்துச் சிம்மமுகம்தான். கேட்டால், மாட்டுக் கொம்பாம்!

நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். விளையாட்டு என்றால் எனக்குத் தெரிந்தது பாண்டியும் பல்லாங்குழியும். எங்க வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் விளையாட்டே இல்லை. பேஸ்பாலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது என் பையன்தான். அவனுக்கு இப்போது 15 வயது. பள்ளிக்கூட டீமில் பந்து எறிகிறான். அவன் பேசுவது புரிய வேண்டுமே என்று போக ஆரம்பித்தேன். இன்று அவன் வராவிட்டாலும் நான் போகிறேன்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. பந்து தரையில் குத்தி எழும்பாது, நேராக வரும். எறிகிறவர் பிட்சர். அவருக்கும் அடிக்கிறவருக்கும் நடுவில் 60 அடி 6 அங்குலம். மூன்று தடவை கோட்டை விட்டால் அவுட். மூன்று பேர் அவுட் ஆனால் அந்தப் பக்கத்து இன்னிங்ஸ் முடிந்தது. இப்படி 9 இன்னிங்ஸ். அடித்தவர் 90 அடிக்கு ஒன்றாக இருக்கிற பேஸ்களை ஓடிச் சுற்றி வந்தால் ஒரு ரன். கல்லூரிப் பிள்ளைகள் 1974-லிருந்து உலோக மட்டையில் ஆடுகிறார்கள். அதனால் பந்து பட்டதும் 'டிங்'கென்று எவர்சில்வர் டம்ளர் விழுந்த மாதிரி ஒரு சத்தம். முதல் நாள் நான் திடுக்கிட்டு என் பக்கத்தில்தான் எதுவோ விழுந்ததென்று தேடினேன்!

சீசனில் மொத்தம் 56 ஆட்டங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரே டீமோடு ஆடுவார்கள். நடுவில் செவ்வாய்க்கிழமை அக்கம்பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு ஓர் ஆட்டம் இருக்கும். மார்ச் நடு வரை வெளி டீம்களோடு. அதற்குப் பிறகுதான் தங்கள் குழுவுக்குள் கடும் போட்டி. டெக்சாஸ் 2024-ல் எஸ்.ஈ.சி. என்ற பெரிய குழுவில் சேர்ந்தது. கடைசியில் நாடு முழுவதிலுமிருந்து 64 டீம்களைப் பொறுக்கி, அதில் எட்டு ஓமஹா நகரத்துக்குப் போகும். 1950-லிருந்து கடைசிப் போட்டி அங்கேதான். டெக்சாஸ் ஆறு முறை ஜெயித்திருக்கிறது. கடைசியாக ஜெயித்தது 2005-ல்.

சரி, ஓமஹா ஜூன் மாதத்து விஷயம். எனக்குப் பிடித்தது இந்த முதல் நாலு வாரம்தான்.

ஏனென்று கேளுங்கள். டீமில் பாதிப் பேர் புதுசு. நேற்றுவரை பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள், வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்த பிள்ளைகள். யாரை எங்கே நிறுத்துவது, யாரை முதலில் அடிக்க விடுவது என்று கோச் மாற்றி மாற்றிப் பார்ப்பார். புகுந்த வீட்டில் முதல் மாதம் எந்த டப்பாவில் கடுகு, எதில் வெந்தயம் என்று திறந்து திறந்து பார்ப்போமே, அந்த மாதிரி. எளிய கேட்சை விடுவார்கள். ஒரு பந்துக்கு இரண்டு பேர் ஓடிவந்து முட்டிக்கொள்வார்கள். ஏப்ரலில் அதே இரண்டு பேர் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். அது வளர்வதைப் பார்ப்பது ஒரு தனிச் சந்தோஷம்.

ஆனால், கூட்டத்தில் எல்லாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. இரண்டு ஆட்டம் தோற்றால் "இந்த வருஷம் அவ்வளவுதான்" என்பார் ஒருவர். மூன்று ஆட்டத்தில் ஐந்து முறை அடித்த பையனை, "இவன்தான் அடுத்த நட்சத்திரம்" என்பார் இன்னொருவர். இந்த விளையாட்டில் பத்துக்கு மூன்று முறை ஒழுங்காக அடித்தாலே நல்ல ஆட்டக்காரர். (நம் வீட்டில் பத்துக்கு மூன்று மார்க் வாங்கினால் என்ன ஆகும்!) அதையும் நூறு, இருநூறு முறை ஆடிய பிறகுதான் நம்பலாம். ஊறுகாய் போட்ட மூன்றாம் நாளே தொட்டு நக்கிப் பார்த்து 'உப்பு கரிக்கிறது' என்று சொன்னால், ஊறுகாயின் குற்றமா அது?

'முதல் கோணல் முற்றும் கோணல்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பேஸ்பாலில் இது செல்லாது. 2021-ல் டெக்சாஸ் முதல் வாரம் ஆர்லிங்டனில் மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றது. அதில் ஒன்று மிசிசிப்பி ஸ்டேட் டீமோடு. அதே டெக்சாஸ் ஜூனில் ஓமஹா போய், கடைசி நாலு டீம்களில் ஒன்றாக நின்றது. அங்கேயும் அந்த மிசிசிப்பி ஸ்டேட்தான் வழிமறித்தது. அந்த வருஷம் பட்டமும் அவர்களுக்கே போனது.

எடுத்த எடுப்பில் நன்றாக ஆடினால் மட்டும் நிச்சயமா? 2022-ல் டென்னசி 57 ஆட்டம் ஜெயித்து ஒன்பதுதான் தோற்றது. ஆனால் ஓமஹாவின் வாசல்வரை வந்து திரும்பிவிட்டது. 2025-ல் எங்கள் டெக்சாஸ் எஸ்.ஈ.சி.யில் முதல் வருஷமே முதலிடம். பிறகு சொந்த ஊரிலேயே, பக்கத்துச் சான் அன்டோனியோ கல்லூரியிடம் தோற்று வெளியே வந்தது! அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வட மாநில டீம்களைப் பார்த்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும். அங்கே பிப்ரவரியில் மைதானத்தில் பனி கிடக்கும். கூரைக்கு அடியில் பழகிவிட்டு, தெற்கே வந்து வாரா வாரம் வெளியூரிலேயே ஆடுவார்கள். தோல்விக் கணக்குக் கூடத்தான் செய்யும். அதற்காக இளக்காரமாக நினைக்கக் கூடாது. 2019-ல் மிச்சிகன் இறுதிப் போட்டி வரை போனது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சீசன் ஆரம்பத்தில் பிட்சர் நன்றாக எறிந்துகொண்டே இருப்பார். திடீரென்று கோச் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிடுவார். கூட்டம் முணுமுணுக்கும். எனக்கும் முதலில் புரியவில்லை. என் பையன்தான் சொன்னான்: "கை இன்னும் பழகலைம்மா. இப்போ 60, 70 பந்துதான். போகப் போகக் கூட்டுவாங்க." ஐந்து அவுன்ஸ் பந்தை மணிக்கு 90 மைல் வேகத்தில் திரும்பத் திரும்ப எறிவதென்றால் சும்மாவா? முழங்கையின் உள்பக்கம், மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் இழுத்துப் பிடிக்கிற ஒரு நார் இருக்கிறது. அதிகமாக எறிந்தால் அது நைந்து, கடைசியில் அறுந்தே போகலாம்.

1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு அப்படித்தான் ஆயிற்று. டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவருடைய இன்னொரு கையிலிருந்து ஒரு நாரை எடுத்து இந்த முழங்கையில் வைத்துக் கட்டினார். அதற்குப் பிறகு அவர் 1989 வரை எறிந்து, இன்னும் 164 ஆட்டங்கள் ஜெயித்தார். அந்த ஆபரேஷனுக்கே அவர் பெயர் வந்துவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுபடி மைதானத்தில் எறிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். எல்லாருக்கும் பழைய கை திரும்பியும் வருவதில்லை.

ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை. என் பக்கத்தில் வெளியூர் டீமின் சட்டை போட்ட ஓர் அம்மா. அட்டையில் பென்சிலால் ஒவ்வொரு பந்தாகக் குறித்துக்கொண்டிருந்தார். எறிகிற பையன் அவருடைய மகனாம். நாலாவது இன்னிங்ஸில் அந்தப் பையன் ஒரு பந்தை எறிந்துவிட்டுக் கையை உதறினான். இன்னொன்று எறிந்தான், மறுபடி உதறினான். உள்ளேயிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். 'ஒன்றுமில்லை' என்பது போல அவன் தலையை ஆட்டினான். அவர்கள் விடவில்லை, அழைத்துப் போய்விட்டார்கள்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. அட்டையை மடித்துப் பையில் வைத்தார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "புதன்கிழமையே போனில் வலிக்கிறதென்று சொன்னான். கோச்சிடம் சொல்லாதே என்றான். நான் சொல்லவில்லை."

அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் எழுந்து மகனைப் பார்க்கப் போய்விட்டார்.

பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள்? காரணம் இருக்கிறது. முன்பு ஒரு பேஸ்பால் டீமுக்கு 11.7 பேருக்கான உதவித்தொகைதான். அதைத்தான் இருபத்தைந்து, இருபத்தேழு பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். 2025-ல் ஒரு கோர்ட் சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு போய், டீமில் 34 பேர்தான் என்ற எண்ணிக்கை வந்திருக்கிறது. 34 பேருக்குள் இடம் பிடிக்க வேண்டும், பிடித்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும். வலிக்கிறது என்று சொன்னால் அடுத்தவன் தயாராக நிற்கிறான். 19 வயதுப் பிள்ளை வேறென்ன செய்வான்?

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பழைய பால் கணக்கு நோட்டு மாதிரி ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, எத்தனை பந்து, எத்தனை நாள் ஓய்வு. இங்கே பேஸ்பால்காரர்களே சிறுவர்களுக்கென்று ஒரு கணக்கு வகுத்திருக்கிறார்கள். 15, 16 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துக்கு மேல் கூடாது. 31 முதல் 45 வரை எறிந்தால் ஒரு நாள் ஓய்வு, 60 வரை என்றால் இரண்டு நாள், 75 வரை என்றால் மூன்று நாள், அதற்கும் மேல் என்றால் நாலு நாள். தவிர வருஷத்தில் நாலு மாதமாவது எறியவே கூடாது.

அடுத்த வாரமே நோட்டுக்குச் சோதனை வந்தது. வியாழக்கிழமை பள்ளிக்கூட ஆட்டத்தில் பையன் 62 பந்து எறிந்திருந்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி, அவன் தனியாக ஆடுகிற இன்னொரு டீமின் கோச்சிடமிருந்து போன். நாளைக்கு ஆள் குறைகிறதாம். "ஒரே ஒரு இன்னிங்ஸ்தான் அம்மா, பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள்" என்றார். பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் நோட்டைப் பார்த்து, "திங்கட்கிழமை வரை எறிய மாட்டான் சார்" என்று சொல்லிவிட்டேன். எங்க வீட்டுக்காரரே "ஒரு இன்னிங்ஸ்தானேடி" என்றார். நான் அசையவில்லை.

இரண்டு நாள் பையன் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவான், எழுந்து போவான். ஞாயிறு ராத்திரி சமையலறைக்கு வந்து, "வியாழக்கிழமை 62 இல்லம்மா, 64" என்றான். நான் திருத்தி எழுதிக்கொண்டேன். அவன் ஆட வேண்டியது இன்னும் எத்தனையோ பிப்ரவரி இருக்கிறது.

இங்கே பிள்ளைகளைப் பார்க்க வருகிற சகோதரிகள், சீசனில் வந்தால் ஓர் ஆட்டமாவது பாருங்கள். சில குறிப்புகள்:

• டெக்சாஸ் பிப்ரவரியை நம்பாதீர்கள். மத்தியானம் வெயில் கொளுத்தும், ராத்திரி வடக்குக் காற்று எலும்பைத் துளைக்கும். சால்வை, காதுக்குத் துணி, தொப்பி மூன்றும் வேண்டும்.

• உட்காரும் இடம் சில்லிட்டுப் போகும். மூட்டு வலி உள்ளவர்கள் சின்ன மெத்தை கொண்டுபோங்கள். இரண்டு இன்னிங்ஸுக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். ஆட்டம் மூன்று மணி நேரம் போகும்.

• எல்லாரும் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருப்பார்கள். உப்பு மிக அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

• செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் கூட்டம் குறைவு. புதுப் பிள்ளைகள் ஆடுவதும் அன்றுதான் அதிகம்.

• பெண் குழந்தை உள்ளவர்கள் சாஃப்ட்பாலுக்கு அழைத்துப் போங்கள். அதுவும் பிப்ரவரியில்தான் தொடங்கும். 2025-ல் டெக்சாஸ் பெண்கள் முதல் தடவையாக நாட்டின் பட்டத்தையே வென்றார்கள்!

• எந்த விளையாட்டு விளையாடும் பிள்ளையானாலும், "ஜெயிச்சியா?" என்று கேட்பதற்கு முன்னால் "எங்கேயாவது வலிக்கிறதா?" என்று கேளுங்கள். ஒரு தடவை கேட்டால் இல்லை என்பான். சாப்பாடு போடும்போது இன்னொரு தடவை கேளுங்கள்.

அடுத்த இதழில், வெயில் காலத்துக்கு இங்கே கிடைக்கும் காய்களில் வற்றல் போடுவது பற்றி எழுதுகிறேன்.