எல்லாவற்றுக்கும் வேப்பெண்ணெயா?

மாடித்தோட்டம் போடத் தொடங்கியவுடனே வரும் அறிவுரை இது: "வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய் தெளித்துவிடுங்கள். எந்தப் பூச்சியும் அண்டாது. இயற்கை மருந்துதானே, கெடுதல் இல்லை." வேம்பின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இதை அப்படியே நம்பிக் கீரையை இழக்கிறவர்கள் அதிகம்.

"எந்தப் பூச்சியும்" என்பதை முதலில் பார்ப்போம். தண்டுக்கீரை வாடி, தண்டு புடைத்து, தொட்டாலே ஒடிகிறது என்றால் உள்ளே கூன்வண்டின் புழு குடைந்துகொண்டிருக்கிறது. இலைமேல் விழும் எண்ணெய் அதை எட்டாது. செடியைப் பிடுங்கித் தண்டைப் பிளந்து புழுவை அழிக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் தானாக முளைத்த முள்ளுக்கீரையையும் களைய வேண்டும். வண்டு அதிலும் பெருகும். பாலக்கீரையில் வளைந்து வளைந்து வெள்ளைக் கோடு ஓடினால், இலைத்துளைப்பான் புழு இலையின் இரு தோலுக்கும் நடுவே இருக்கிறது. முளைக்கீரை இலைகள் நூலால் பிணைந்து சல்லடையானால் புழு அந்த மடிப்புக்குள்தான். கையால் கிள்ளி எடுப்பதே விரைவான வழி. காலையில் பளபளக்கும் தடம் தெரிந்தால் வந்துபோனது நத்தை. அது பூச்சியே இல்லை.

"தெளித்தால் அண்டாது" என்கிறார்கள். வேம்பிலுள்ள அசாடிராக்டின் புழுவைத் தின்னவிடாது, தோலுரித்து வளரவிடாது. அதனால் இளம் புழுவிடம் நன்றாகவே வேலை செய்யும். முற்றிய புழுவையும் வண்டையும் உடனே கொல்லாது. வெயில் பட்டால் சில நாளில் சிதைந்துவிடும். கரைசலுக்கு உப்புத்தண்ணீர் எடுத்தால், எண்ணெயைக் கலக்கச் சேர்க்கும் சோப்பு திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். அது இளந்தளிரில் விழுந்து வெயிலும் ஏறினால் இலை கருகும்.

"கெடுதல் இல்லை" என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலைபோல் ஊர்வது பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்று தீர்ப்பது. சோப்பும் எண்ணெயும் அதையும் மூடிக் கொல்லும். பயந்து நசுக்குகிறவர்களும் உண்டு. அசுவினிக் கூட்டத்தில் சில உப்பிப் பழுப்பாகக் கிடந்தால் ஒட்டுண்ணிக் குளவி ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தச் சின்னக் குளவிகளின் வலிமையைத் தமிழ்நாடு கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 2008இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது தெளித்த மருந்துகளால் அதை அடக்க முடியவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகளை வயலில் விட்ட பிறகுதான் அது அடங்கியது.

"வாரம் ஒருமுறை" என்பதும் கீரைக்குப் பொருந்தாது. முளைக்கீரை மூன்று, நான்கு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும்; கசப்பு இலையிலேயே தங்கும். வாரம் ஒருமுறை தெளிப்பதைவிட, தினமும் காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக் குவியல் இருந்தால் அது புரோடீனியா என்ற இலைதின்னிப் புழுவினுடையது. அந்த ஓர் இலையைக் கிள்ளி அழித்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் பிறக்காமலே போகும். அசுவினி குறைவாக இருந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே உதிரும். அதற்கும் அடங்காமல் பெருகினால், பொறிவண்டு இல்லாத செடிகளில் மட்டும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, ஓர் இலையில் சோதித்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் அடியிலை நனையத் தெளியுங்கள். பறிக்கப்போகும் வாரத்தில் மட்டும் வேண்டாம்.