வான் சாகசமும் வாடகை லென்ஸும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

விமானச் சத்தம் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பது எங்கள் தெருவில் இன்றும் மாறாத வழக்கம். அந்தத் தெருவில் பிறந்த நான், இந்திய விமானப்படையின் 92-ஆம் ஆண்டு விழாவையொட்டி 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த சாகசக் காட்சிக்குப் போனதில் வியப்பில்லை. விடுமுறை நாட்களில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவின் உரிமையாளர், பழைய கேமரா ஒன்றையும் 70–300 மி.மீ. லென்ஸையும் இரவலாகத் தந்திருந்தார். உடன் வந்த வகுப்பு நண்பனோ 150–600 மி.மீ. லென்ஸை நாள் வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். பீரங்கி போன்ற அதைப் பார்த்ததும் என் லென்ஸை வெளியே எடுக்கவே கூச்சமாக இருந்தது.

லென்ஸ் நீளமாக இருந்தால்தான் விமானம் படத்தில் விழும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது பாதி உண்மையே என்பது என் கருத்து. வகுப்பில் படித்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். பொருளின் நீளத்தைக் குவியத் தொலைவால் பெருக்கி, பொருள் இருக்கும் தூரத்தால் வகுத்தால் பிம்பத்தின் அளவு கிடைக்கும். சூரியகிரண் குழுவினர் ஓட்டும் ஹாக் விமானத்தின் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். அது 600 மீட்டர் தூரத்தில் பறந்தால் 300 மி.மீ. லென்ஸில் 6 மி.மீ. பிம்பம் விழும். எங்கள் கேமராவின் சென்சார் அகலம் சுமார் 24 மி.மீ.; ஆகவே படத்தில் கால் பங்கை விமானம் நிரப்பும். 600 மி.மீ. என்றால் அரைப் பங்கு. தனி விமானத்துக்கு அது லாபந்தான், மறுக்கவில்லை.

ஆனால் ஒன்பது விமானங்கள் அணிவகுத்து வரும்போது? அணியின் அகலம் 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே தூரத்தில் 300 மி.மீ. லென்ஸிலேயே பிம்பம் 30 மி.மீ. ஆகிவிடும், சென்சாருக்குள் அடங்காது. அங்கே 240 மி.மீ.க்கும் கீழே இறங்கினால்தான் அணி முழுதும் படத்தில் நிற்கும்.

இன்னொன்று, பார்வைக் கோணம். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த அகலம் ஏறத்தாழ 2 டிகிரி. 600 மி.மீ. லென்ஸில் எங்களுக்குத் தெரிந்த வானம் அவ்வளவுதான்! நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் அந்தச் சன்னலை ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். நண்பன் வானத்தில் விமானத்தைத் தேடி முடிப்பதற்குள் அது கடல்மேல் போய்விட்டிருக்கும். அவன் எடுத்தவற்றில் பல வெறும் வானம். சில பாதி இறக்கை.

எனவே லென்ஸைவிடக் கைப்பழக்கமே முதன்மை. நான் கற்றதைச் சொல்கிறேன். இடது உள்ளங்கை லென்ஸின் அடியைத் தாங்க, முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்க வேண்டும். விமானம் வரும் திசையில் அல்ல, எந்த இடத்தில் படம் எடுக்கப் போகிறோமோ அந்தத் திசையில் பாதங்களை வைத்து, இடுப்பைத் திருப்பிப் பின்தொடர வேண்டும். முதலில் குறைந்த நீளத்தில் விமானத்தைக் கண்டுபிடித்து, பிறகு ஜூம் செய்ய வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகும் சிறிது தூரம் தொடர வேண்டும். சட்டென நின்றால் படம் கலங்கும். ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதற்கும் விரைவாக இருக்கட்டும். சாரங் குழுவின் துருவ் ஹெலிகாப்டருக்கு அது ஆகாது. விசிறி அசையாமல் உறைந்து, பொம்மையைக் கயிற்றில் தொங்கவிட்டது போலிருக்கும். 1/125, 1/250 என்று இறங்கினால் விசிறி சுழல்வது தெரியும். ஆனால் கை நடுங்கக் கூடாது. வெளிச்சமான வானத்தைக் கண்டு கேமரா ஏமாந்து விமானத்தைக் கறுப்பாக்கும்; ஒளியை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். லென்ஸ் வழியாகச் சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்கக் கூடாது. கண் போனால் வராது.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நண்பனின் லென்ஸ் ஏறத்தாழ 2 கிலோ. அதற்கு இடம் விட்டு, தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வந்திருந்தான். நண்பகலுக்குள் என் பாட்டிலைத்தான் இருவரும் பகிர்ந்து குடித்தோம். அன்று காட்சி காண வந்தவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது எடுத்த படங்களைத் திறந்து பார்க்கவே மனம் வரவில்லை. இரண்டு லிட்டர் தண்ணீரின் எடையும் 2 கிலோதான். திறந்தவெளிக்குப் போகிறவன் எதை முதலில் பையில் வைக்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இவ்வளவையும் எழுதக் காரணம் உண்டு. அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஊர் திரும்பி நண்பனின் லென்ஸைப் பற்றி வாய் ஓயாமல் பேசியதைக் கேட்ட அம்மா, "தோட்ட அடகு வெச்சு வாங்கிக்கடா தம்பி, அப்புறம் மூட்டுக்கலாம்" என்றார். ஒரு நாள் முழுக்க எனக்கும் ஆசைதான். இரவு நோட்டில் மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே வேண்டாம் என்றேன். தோடு அம்மா காதிலேயே இருக்கிறது.

என்னைப் போன்ற மாணவர்கள் இங்கே பலர். எல்லோர் வீட்டிலும் ஒரு தோடு உண்டு. எல்லோரும் கணக்குப் போடுவார்கள் என்று சொல்ல முடியாது. இயற்பியல் ஆய்வகத்தில் ஒளியியல் மேடை இருப்பது போல, ஒரு கேமராவும் 70–300 மி.மீ. லென்ஸும் கல்லூரிக்குச் சொந்தமாக இருந்து, பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துப் பழகும் வசதி கிடைத்தால், ஆசைக்காகக் கடன்படும் நிலை வராது. குவியத் தொலைவும் பாடப் புத்தகத்தோடு நின்றுவிடாமல் கையிலும் பழகும். பேராசிரியப் பெருமக்கள் இதைக் கருதிப் பார்க்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.